பெற்றோல் நிலையத்தில் நாங்கள் அனைவரும் பிலோமினா

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளில் வழக்கமாக ஒரு பாலம் கட்டப்படும். அல்லது வைத்தியர்கள் கைவிட்ட நோயாளி ஒருவர் எழுந்து நடப்பார். என் பணிக்காலத்தில் அத்தகைய எதுவும் நிகழவில்லை. ஒஸ்லோவில் ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், அங்கத்தவர் சலுகைப் பிரிவில் நான் பணியாற்றினேன். எங்கள் கடைகளில் மளிகைப் பொருட்கள் வாங்குவோருக்குப் பெற்றோலில் விலைக்கழிவு வழங்குவது அப்பிரிவின் பொறுப்பு. வெங்காயம் வாங்கினால் பெற்றோல் மலியும். இவ்விரண்டுக்கும் இடையிலான உறவைப் பேணுவதில் ஒரு மனிதனின் வாழ்நாள் கழியக்கூடும் என்று எனக்குப் புள்ளிவிபரவியல் கற்பித்த பேராசிரியர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இதை எழுதத் தூண்டியவர் அபிநயா. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவர். இப்போது அதே பிரிவில் அதிகாரியாக இருக்கிறார். சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார்.

“அங்கிள், வருச முடிவோட பெற்றோல் ரபாத் நிக்கப்போகுது. இனி எல்லாம் எல்பீல்தானே. அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கோவன். ஏன் தொடங்கினது எண்டே இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது.”

ரபாத் என்பது விலைக்கழிவு. எல்பீல் என்பது மின்சாரக் கார். எழுதுகிறேன் என்றேன். அவர் தொலைபேசியை வைக்கவில்லை.

“இன்னொண்டு, அங்கிள். அன்ரியின்ர கேஸ் இன்னும் திறந்தபடி கிடக்கு. ரபாத் நிக்க முன்னம் எல்லாத்தையும் முடிக்கச் சொல்லியிருக்கினம்.”

அன்ரி என்று அவர் குறிப்பிட்டது என் மனைவி பிலோமினாவை. அவர் சென்ற தை மாதம் காலமானார். பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள அத்தகவல் அவசியம் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

எங்கள் திட்டத்தில் அங்கத்தவரின் தொலைபேசி எண்ணே அங்கத்துவ எண். கடையில் காசாளரிடம் அதைச் சொன்னால் வாங்கிய பொருட்கள் கணக்கில் சேரும். மாதக் கொள்வனவு கூடக்கூட, மறுமாதம் பெற்றோலுக்கான கழிவும் கூடும். பெற்றோல் நிலையத்தில் அதே எண்ணை அழுத்தியதும், பம்பின் சிறு திரை அங்கத்தவரைப் பெயர் சொல்லி வரவேற்கும். எங்கள் வீட்டுக் கணக்கு மனைவியின் பெயரில் இருந்தபடியால் எனக்கு வரும் வரவேற்பு: “ஹை, பிலோமினா!”

கணக்கு மூடப்பட்டால் இவ்வரவேற்பும் நின்றுவிடும். விலைக்கழிவு நிற்பது குறித்து எனக்கு முறைப்பாடு ஏதுமில்லை. என் கார் மிகக் குறைவாகவே ஓடுகிறது. ஆயினும் கடந்த மாதங்களில் நான் தேவைக்கு அதிகமான தடவைகள் பெற்றோல் நிலையத்துக்குச் சென்றேன் என்பதையும், ஒரு தடவை தாங்கி நிரம்பியிருந்தமையால் பம்ப் ஒரு துளியைக்கூடத் தர மறுத்தது என்பதையும் பதிவுசெய்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புள்ளிவிபரவியலில் பட்டம், சிறிது காலம் உதவி விரிவுரையாளர் பதவி, யுத்தம், விமானம், வட நோர்வேயில் மீன் தொழிற்சாலை, இரவல் அகராதி, இரண்டாவது பட்டம், தலைமை அலுவலகம். இவ்வரிசையில் மீன் தொழிற்சாலை மட்டுமே பிற்காலத்தில் நேரடியாகப் பயன்பட்டது. அதை உரிய இடத்தில் சொல்வேன்.

என் மேலதிகாரியின் பெயர் கூன்வோர். உயரமானவர், நரைத்த தலைமுடியைப் பென்சிலால் செருகி முடிந்திருப்பார், தேவையற்ற ஒரு சொல்லும் பேசமாட்டார். நோர்வேஜியர் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு: ‘ஆம்’ என்று சொல்லும்போது மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வர். ‘யா’ என்ற ஒலி வெளியே வராது, உள்ளே போகும். நான் வேலையில் சேர்ந்த அன்று, என் பெயரைச் சொன்னதும் கூன்வோர் இவ்வாறு ‘யா’ என்றார். ஆஸ்துமா என்று எண்ணி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். நன்றி தெரிவிக்கும் முகமாக மீண்டும் ஒரு ‘யா’வை உள்ளிழுத்தார். நான் இன்னொரு குவளை கொண்டுவந்தேன்.

என் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. மேலதிகாரியை முதற்பெயர் சொல்லி அழைப்பது இந்நாட்டின் வழமை. எனக்கு நா எழவில்லை. ஆகவே பல ஆண்டுகள் அவரை எவ்வாறும் அழைக்காமலே சமாளித்தேன். ஏதேனும் கேட்க வேண்டுமாயின் கதவருகே நின்று, அவர் திரும்பும்வரை இருமுவேன். ஒரு நாள் என் மேசையில் தேன் போத்தல் ஒன்று இருந்தது. ஒருவரது சுவாசத்தைக் குறித்து மற்றவர் கவலைப்பட்டபடி நாங்கள் நீண்டகாலம் இணக்கமாகப் பணியாற்றினோம்.

எங்கள் நடைமுறை பின்வருமாறு. வியாழக்கிழமை காலைகளில் கணினி ‘வழமைக்கு மாறான குடித்தனங்களை’ப் பொறுக்கித் தரும். நாங்கள் முதலில் கவனிப்போம். அடுத்துத் தொலைபேசியில் கேட்போம். அதிலும் தெளிவு வராவிட்டால் ஓர் அலுவலர் நேரில் சென்று பார்ப்பார். நேரில் பாராமல் எவரது கணக்கையும் மூடக்கூடாது என்பதில் கூன்வோர் பிடிவாதமாக இருந்தார். “சந்தேகப்படுவது கணினியின் வேலை. சப்பாத்துப் போட்டு வெளியே போவது நம் வேலை” என்பார். மேலும் இரு விதிகள் இருந்தன. விசாரணை முடியாத கணக்கை மூடவோ அதில் எதையும் மாற்றவோ முடியாது. தன் குடித்தனம் சம்பந்தப்பட்ட விடயத்தில் எவரும் தீர்ப்பளிக்க முடியாது. அத்தகையவருக்கு இந்நாட்டார் வழங்கும் பெயர் ‘இன்ஹாபில்’, அதாவது தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவர்.

குரூருட் பகுதியில் தனியே வசித்த ஓர் அம்மையார் பூனை உணவை மலைமலையாக வாங்கினார். அவரிடம் பூனையே இல்லை. கூன்வோர் நேரில் சென்று, தோட்டத்து முள்ளெலிகள் அந்தியில் அணிவகுத்து வந்து அவ்வுணவை உண்பதைப் பார்த்துவிட்டு வந்தார். முள்ளெலிகளும் குடித்தனத்தைச் சேர்ந்தவையே என்று பதிவாயிற்று.

குடித்தனம் என்றால் யார் என்பதே எங்கள் துறையின் அடிப்படைக் கேள்வி. ஓர் எண்ணை ஒரு குடித்தனம் மட்டுமே பாவிக்கலாம். ஒரே முகவரி என்று எழுதிப் பார்த்தனர். விடுதி மாணவர்களும் வாரத்தில் பாதி நாள் தாயிடமும் பாதி நாள் தந்தையிடமும் வாழும் பிள்ளைகளின் பெற்றோரும் சண்டைக்கு வந்தனர். வரைவிலக்கணத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடிசன மதிப்பீட்டில் பயின்றதை நினைவுகூர்ந்து எழுதினேன்: “ஒரே அடுப்பில் சமைத்த உணவைப் பகிர்ந்து உண்பவர்கள் ஒரு குடித்தனம்.” கூன்வோர் படித்தார். மூச்சை உள்ளிழுத்தார். அவ்வாக்கியம் விதியாயிற்று.

அக்காலத்தில் நாங்கள் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் வசித்தோம். அங்குள்ள எங்கள் கடையில் ஒரு நாள் மனைவி வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணிடம் அங்கத்துவ எண் இருக்கவில்லை. “சும்மா போற புள்ளிதானே” என்று பிலோமினா தன் எண்ணைச் சொன்னார். அன்று தொடங்கியது. அந்தப் பெண் தன் தங்கைக்குச் சொன்னார். தங்கை அம்மருட்டில் இருந்தார். தங்கையின் கணவர் வெஸ்ட்லியில் சீட்டு விளையாடுபவர். மிக விரைவில் அந்த எட்டு இலக்கங்கள் செபமாலை மன்றாட்டின் இராகத்தில் மூன்று பகுதிகளிலும் மனப்பாடமாயின. தேவாலயப் பூசைக்கு வருபவர்கள், சைவக் கோயிலுக்குப் போகிறவர்கள், எங்கும் போகாதவர்கள் என்ற பேதம் இருக்கவில்லை. கடையிலும் பம்பிலும் அனைவரும் அதே எண்ணை அழுத்தினர்.

இவர்களில் முதன்மையானவர் ஸ்ரனிஸ். டாக்சி ஓட்டுபவர், அடர்ந்த மீசை உடையவர். பிலோமினாவுக்கு இரத்த உறவில்லை. ஆயினும் அக்கா என்றே அழைப்பார். அம்முறையில் நான் அவருக்கு அத்தான். பெற்றோல் எங்கே மலிவு என்பதை அறிவதே அவருடைய வாழ்க்கைத் தேடல். ஒரு தடவை விலைக்கழிவுக்காக நகரின் மறுகோடிக்கு ஓடித் திரும்பினார்.

“போய்வர எரிஞ்ச பெற்றோல்?” என்று கேட்டேன்.

“அது முந்தியே அடிச்ச பெற்றோல், அத்தான். அதுக்குக் காசு குடுத்தாச்சு. அதை ஏன் இதுக்குள்ள கொண்டுவாறியள்?”

புள்ளிவிபரவியலில் இதற்கு மறுமொழி இல்லை.

பம்பின் திரை அவரையும் “ஹை, பிலோமினா!” என்றே வரவேற்றது. “நான் பிலோமினாவாகிக் கனகாலம்” என்று மீசையைத் தடவியபடி சொல்வார்.

இவையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒரு வியாழக்கிழமை கணினி ஒரு குடித்தனத்தைக் கூட்ட அறையின் சுவர்த் திரையில் காட்டியது. அது ஒரே மாதத்தில் ஒரு கிராமத்துக்குப் போதுமான வெங்காயமும் கோழியும் உண்டிருந்தது. ஒரே வேளையில் மூன்று கடைகளின் வரிசையில் நின்றிருந்தது. ஒரே திங்கட்கிழமை காலையில் தன் காருக்கு ஓயாமல் பெற்றோல் அடித்திருந்தது.

“உணவகம்” என்றார் ஒரு சக ஊழியர்.

“இராணுவம்” என்றார் இன்னொருவர்.

திரையின் மூலையில் இருந்த எட்டு இலக்கங்களைக் கண்டு நான் எழுந்து நின்றேன். “அது என் மனைவி” என்றேன்.

கூன்வோர் பென்சிலைத் தலைமுடியிலிருந்து உருவினார். “இக்கணத்திலிருந்து நீங்கள் இன்ஹாபில்” என்றார். நான் வெளியே சென்று கோப்பி இயந்திரத்தின் அருகில் அமர்ந்தேன். கதவு சரியாக மூடப்படாததால் அனைத்தும் கேட்டது. விதியை மதித்துக் காதைப் பொத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: “பிலோமினா, உம்மட நம்பரை எத்தினை பேருக்குக் குடுத்தனீர்?”

“நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. கேட்டவைக்குச் சொன்னனான்.”

“எத்தினை பேர் கேட்டவை?”

“கேக்காதவை ஆரெண்டு கேளுங்கோ. அது சுகம்.”

“ஒரு நம்பரை ஒரு குடித்தனம்தான் பாவிக்கலாம் எண்டு விதி.”

“குடித்தனமெண்டா என்ன?”

வரைவிலக்கணத்தை ஒப்புவித்தேன். கரண்டியைப் பிடித்தபடி கவனமாகக் கேட்டார்.

“ஆர் எழுதினது?”

“நான்.”

“நல்லா எழுதியிருக்கிறியள்” என்றார். எங்கள் மணவாழ்வில் என் எழுத்தைக் குறித்து அவர் கூறிய ஒரே பாராட்டு அது. பாராட்டியதன் காரணம் மறுகணமே புலப்பட்டது. ஞாயிறு பூசை முடிந்தபின் எங்கள் வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சுவது அவருடைய வழக்கம். மேற்சொன்ன அனைவரும் வருவர். பூசைக்கு வராதவர்கள் பூசை முடியும் நேரத்தைச் சரியாக அறிந்திருந்தனர். பனங்கிழங்கு மாவில், மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் மரவள்ளியும் இட்டு, ஒரே பெரிய சட்டியில் காய்ச்சி, அச்சட்டியைச் சுற்றியிருந்து குடிப்பதே கூழின் முறை. தனித்தனியாக எடுத்துக்கொண்டு போய்க் குடித்தால் அது வெறும் காரமான கஞ்சி.

“உங்கட மனிசியை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லுங்கோ” என்றார் பிலோமினா. அவர் குறிப்பிட்டது கூன்வோரை.

கூன்வோர் வர இசைந்தார். என்னால் தீர்ப்பளிக்க இயலாதாயினும் மொழிபெயர்க்கலாம் என்று அனுமதித்தார். அபிப்பிராயம் கூறக்கூடாது என்பது நிபந்தனை.

அவர் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு வந்தார். பிரச்சினை அங்கேதான் உருவாயிற்று. பன்னிரண்டு மணிக்கு வாருங்கள் என்றே மற்றவர்களுக்கும் சொல்லியிருந்தோம். ஆகவே ஒருவரும் வரவில்லை. கூன்வோர் சப்பாத்தைக் கழற்றி, கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்து, வெறும் நாற்காலிகளின் நடுவே அமர்ந்தார்.

“குடித்தனம் எங்கே?” என்று கேட்டார்.

“வந்துகொண்டிருக்கிறது” என்று மொழிபெயர்த்தேன். எதை மொழிபெயர்த்தேன் என்பது எனக்கே தெளிவில்லை. எவரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிலோமினா ஸ்ரனிஸை அழைத்தார். “வெளிக்கிட்டிட்டன் அக்கா, வாசலில நிக்கிறன்” என்றார் ஸ்ரனிஸ். தொலைபேசியில் ஷவர் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

மனைவி சற்றும் பதறவில்லை. ஒரு கத்தியையும் ஒரு கட்டுப் பயற்றங்காயையும் கூன்வோரின் மடியருகே வைத்தார். மேலதிகாரியிடம் காய்கறி வெட்டச் சொல்லலாமா என்று நான் கண்ணால் கேட்டேன். “சும்மா இருக்கிற மனிசருக்குத்தான் சந்தேகம் வரும்” என்றார். இதை மொழிபெயர்க்கவில்லை. கூன்வோர், ஒவ்வொரு துண்டும் ஒரே நீளத்தில் அமைய, அளந்து வெட்டினார். மீன் தலைகளை நான் வெட்டினேன். தொழிற்சாலையில் கற்ற கலை அன்று பயன்பட்டது. என் மேலதிகாரி என்னை முதன்முறையாக மதிப்போடு பார்த்தார்.

இரண்டு மணியளவில் குடித்தனம் வந்து சேர்ந்தது. சப்பாத்துகள் நடையில் நிரம்பி, மாடிப்படிகளில் இறங்கின. கூன்வோர் ஒவ்வொருவராக விசாரித்தார்.

“இவர் உங்களுக்கு யார்?”

“அக்கா” என்றார் ஸ்ரனிஸ்.

“உங்களுக்கு?”

“அக்கா” என்றார் அடுத்தவர்.

அதற்கடுத்தவரும் அவ்வாறே. கூன்வோர் வம்சாவளி மரம் ஒன்றை வரையத் தொடங்கியிருந்தார். அது மரமாக இல்லாமல் புதராக வளர்ந்தது. “உங்கள் தாயாருக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று என் மனைவியிடம் கேட்டார்.

“நான் ஒராள்தான்” என்றார் பிலோமினா பெருமையோடு.

அடுத்து நின்றவர் கார்த்திக். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர், நேர்மையானவர். “ஆக்சுவலா சொந்த அக்கா இல்ல மேடம். அக்கா மாதிரி” என்றார்.

“மாதிரி எண்டு சொல்லாதையும் ஐசே! எல்லாரும் மாட்டுப்படப்போறம்!” என்று ஸ்ரனிஸ் அவரைக் கிள்ளினார்.

“ஐயோ சார், மாட்டுறதுன்னா என்னங்க? நான் உண்மையத்தான சொல்றேன்?”

கூன்வோர் என்னைப் பார்த்தார். “இரத்த உறவு இல்லை, சட்டப்படியும் இல்லை, அழைக்கும் முறையில் உண்டு” என்று மொழிபெயர்த்தேன். இது அபிப்பிராயமா, மொழிபெயர்ப்பா என்று அவர் சற்று யோசித்தார்.

அப்போது பிலோமினா, தன் சொந்த நோர்வேஜிய மொழியில், நேரடியாகக் கேட்டார்: “உங்கள் விதியில் அக்கா தங்கை என்று எழுதியிருக்கிறதா?”

கூன்வோர் விதியை வாசித்தார். ஒரே அடுப்பில் சமைத்த உணவைப் பகிர்ந்து உண்பவர்கள்.

“அப்ப சாப்பிடுங்கோ” என்றார் பிலோமினா, தமிழில். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. சட்டி நடுவில் வந்தது. காகிதக் கோப்பை ஒன்று கூன்வோரின் கையில் இருந்தது. அவர் ஒரு மிடறு குடித்தார். கண்கள் விரிந்தன. மூச்சை உள்ளே இழுத்தார். மீண்டும் இழுத்தார். அது சம்மதமா, மிளகாயா என்று அங்கிருந்த எவராலும் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் கோப்பையை அவர் மீண்டும் நீட்டினார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் கூன்வோர் தன் முடிவை வாசித்தார். நான் இம்முறை உள்ளே அமர அனுமதிக்கப்பட்டேன்.

“பொதுவான அடுப்பு இருக்கிறது. பொதுவான சட்டி இருக்கிறது. நேரில் கண்டேன். ஆனால் அதில் நானும் இரு தடவை உண்டேன். விதிப்படி நான் இப்போது அக்குடித்தனத்தைச் சேர்ந்தவள். ஆகவே நானும் இன்ஹாபில்.”

விடயம் சட்டப் பிரிவுக்குச் சென்றது. நேரில் பாராமல் முடிவெடுக்கக் கூடாது என்பதால் அவர்கள் ஓர் இளம் வழக்கறிஞரை அனுப்பினர். தான் பார்க்க மட்டுமே வந்ததாக அவர் வாசலிலேயே அறிவித்தார். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போனவர் இல்லை என்று பிலோமினாவும் வாசலிலேயே அறிவித்தார். அவர் நண்டுக் காலைக் கடித்த கணத்தில் தகுதியிழந்தார். பின்னர் வந்த அவருடைய மேலாளரும் அவ்வாறே. உண்டவரால் தீர்ப்பளிக்க முடியாது. உண்ணாதவர் எதையும் பார்த்திருக்கவில்லை. கணக்கு ‘விசாரணையில்’ என்ற நிலையில் அசையாமல் நின்றது. ஒருவராலும் அதைத் தொட இயலவில்லை. ஸ்ரனிஸ் தொடர்ந்து பிலோமினாவாகப் பெற்றோல் அடித்தார். கூன்வோரும் கடையில் எட்டு இலக்கங்களைச் சொல்லத் தொடங்கினார் என்று காசாளர் ஒருவர் மூலம் அறிந்தேன். நான் ஓய்வு பெற்ற நாளில்தான் அவரை முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தேன். அவர் பதற்றத்தோடு திரும்பி, “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

இதுவே அபிநயா குறிப்பிட்ட, இன்னும் திறந்து கிடந்த கேஸ்.

“நீங்கள் முடிச்சுவிடலாம்தானே?” என்று தொலைபேசியில் கேட்டேன். குரல் சாதாரணமாகவே இருந்தது என்று நினைக்கிறேன்.

“நான் எப்பிடி, அங்கிள்? சின்னனில ஒவ்வொரு ஞாயிறும் அன்ரியின்ர கூழ் குடிச்சு வளந்தனான். நான் பழைய இன்ஹாபில். எங்கட பொஸ் ஆன்டர்ஸ் வாறார். அவர் ஒருக்காலும் இஞ்சாலை வரேல்லை. அடுப்பு இப்பவும் எரியுதோ எண்டு பாக்கப்போறாராம். எரியேல்லை எண்டால் அன்ரியின்ர கணக்கை மூடுவினம். எரிஞ்சால் அது எல்லாரின்ரையும் கணக்கு.”

தை மாதத்துக்குப் பின்னர் எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சப்படவில்லை. எனக்குச் சமையல் தெரியாது. மனைவியிடம் அளவுகளைக் கேட்டபோதெல்லாம் “கண்ணளவுதான்” என்று சொல்லிவிடுவார். கண்ணளவுக்கு நியமவிலகல் கணிக்க இயலாமையால் நான் அத்துறையில் முன்னேறவில்லை. இருப்பினும் குறித்த ஞாயிறன்று சட்டியை இறக்கிக் கழுவினேன். கொட் மீன் தலைகளைக் குறையின்றி வெட்டினேன். அங்கேயே என் நிபுணத்துவம் முடிந்தது. மாவை எவ்வளவு கரைப்பது என்று ஸ்ரனிஸிடம் கேட்டேன். “அள்ளிப் போடுங்கோ அத்தான்” என்றார். அள்ளிப் போட்டேன். சிறிது நேரத்தில் கரண்டி சட்டியின் நடுவே யாரும் பிடிக்காமல் நேராக நின்றது.

பன்னிரண்டு மணிக்கு ஆன்டர்ஸ் வந்தார். இம்முறை வரலாறு காணாத ஒன்று நிகழ்ந்தது: குடித்தனம் பன்னிரண்டு மணிக்கு முன்னரே வந்திருந்தது. ஸ்ரனிஸ் காலை பத்து மணிக்கே வந்து, குளித்த தலையும் காய்ந்துவிட உட்கார்ந்திருந்தார். கார்த்திக் மனைவி மக்களோடு வந்தார். அபிநயாவும் வந்தார். ஊன்றுகோலோடு கூன்வோர் வந்து, கேளாமலே பயற்றங்காய் வெட்டும் இடத்தில் அமர்ந்தார்.

ஆன்டர்ஸ் முந்திய வரலாற்றை முழுமையாகப் படித்திருந்தார். அமர்ந்ததும் பையைத் திறந்து, எண்ணெய்த்தாளில் சுற்றிய பாண் துண்டுகளை எடுத்து மடியில் வைத்தார். மேலே பழுப்புச் சீஸ். “நான் என் மதிய உணவைக் கொண்டுவந்திருக்கிறேன்” என்று மரியாதையாகச் சொன்னார்.

“அட பாவி! சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திட்டான்” என்றார் ஸ்ரனிஸ் மெதுவாக.

“அந்தாளு செம ஷார்ப்புங்க” என்றார் கார்த்திக்.

நான் அனைவருக்கும் கூழை வார்த்தேன். வெட்டி வைத்தேன் என்பதே பொருத்தம். ஒவ்வொருவரும் வாயில் வைத்தனர். அபிநயா கண்ணை மூடி விழுங்கினார்.

“என்ன?” என்று கேட்டேன்.

“அக்காவின்ர மாதிரி இல்லை அத்தான்” என்றார் ஸ்ரனிஸ். சற்று மென்றார். “ஆனா கூழ்தான். கூழ் இல்லை எண்டு ஒருத்தனும் சொல்லேலாது.”

“அடுப்பு எரிகிறது என்பதைக் கண்டேன்” என்றார் ஆன்டர்ஸ். “ஆனால் கணக்கின் உரிமையாளர் காலமாகிவிட்டார். உங்களுக்கு என் அனுதாபங்கள். வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு இன்றே முடித்துவிடலாம். உங்கள் பெயருக்கே மாற்றலாம்.”

நியாயமான தீர்ப்பு. அதை மறுக்க என்னிடம் வாதம் எதுவும் இருக்கவில்லை. நான் இன்ஹாபில் வேறு. திரையில் என் பெயர் வரும். என் பெயரை நான் அறிவேன்.

அப்போது கூன்வோர் கையை நீட்டினார். ஆன்டர்ஸின் மடியிலிருந்த பாணில் ஒரு துண்டை எடுத்து, தன் கோப்பைக்குள் முக்கி, கூழ் ஒட்டிய பக்கம் மேலாக இருக்க, அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“சாப்பிடு, ஆன்டர்ஸ்.”

“கூன்வோர், அப்படிச் செய்தால் நான்...”

“யா” என்றார் கூன்வோர், மூச்சை உள்ளிழுத்து.

தன் பதவியை உருவாக்கியவரின் கையிலிருந்த உணவை மறுக்க அவரால் இயலவில்லை. கடித்தார். அவர் விழுங்கினார். ஸ்ரனிஸ் துள்ளி எழுந்தார்.

“முடிஞ்சுது! ஆளும் குடும்பத்துக்குள்ள வந்திட்டுது! வாரும் மச்சான்!”

அபிநயா தொலைபேசியை எடுத்து, தீர்மானிக்கத் தகுதியான அலுவலர் எவரும் இல்லை என்று அங்கேயே பதிவிட்டார். ஆன்டர்ஸ் தண்ணீர் கேட்டார். நான் இரண்டு குவளை கொண்டுவந்தேன்.

முடிக்க இயலாத கேஸ்கள் எந்த மாற்றமும் இன்றிப் புதிய முறைக்குச் செல்லும் என்று அபிநயா பின்னர் விளக்கினார். பெற்றோல் பம்புகள் இருந்த இடங்களில் மின்னேற்றிகள் வருகின்றன. அவற்றுக்கும் அதே அங்கத்துவ எண்தான். ஸ்ரனிஸ் சென்ற வாரம் மின்சார டாக்சி ஒன்று வாங்கினார். நேற்று மதியம் அழைத்தார்.

“அத்தான், எங்கட பெற்றோல் செட்டுக்கு ஒருக்கா வாங்கோ. ஏனெண்டு கேக்காதேங்கோ.”

சென்றேன். பம்புகளில் பாதியை அகற்றியிருந்தனர். அவருடைய கார் புதிய மின்னேற்றியின் அருகே நின்றது. எட்டு இலக்கங்களை அந்த இராகத்தில் முணுமுணுத்தபடி அழுத்தி, வயரைக் கொழுவினார். திரை முன்னையதைவிடப் பெரியது; எழுத்துகளும் பெரியவை.

“ஹை, பிலோமினா!”

நான் எதையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. கார் என்னுடையதன்று. சிறிது நேரத்தில் அவ்வரி மறைந்து, மின்னளவு காட்டும் எண்கள் வந்தன.

“கழற்றிப்போட்டு இன்னொருக்காக் கொழுவட்டே?” என்று கேட்டார் ஸ்ரனிஸ்.

“ஓம்” என்றேன். அச்சொல் வெளியே வரவில்லை. மூச்சோடு உள்ளே போயிற்று.

“என்ன அத்தான், நோர்வேக்காரர் மாதிரி ஓம் சொல்லுறியள்?” என்றார் அவர், என் முகத்தைப் பாராமல். பின்னர் வயரைக் கழற்றி, மீண்டும் கொழுவினார்.